முக்காலியை விட மாட்டேன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நடந்தது எனக்குத் தெரியும். என் பெயர் ஓசெல்லா. மிசிசிப்பியில், பருத்திக் காட்டுக்கு நடுவே ஹோசியா நடத்தும் சாராயக் கொட்டகையில், சனிக்கிழமை தோறும் கிட்டார் வாசித்து, ப்ளூஸ் என்கிற எங்கள் சோகப் பாட்டைப் பாடுகிறவள்.

சின்ன வயதில் துடைப்பத்தின் கட்டுக்கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகி மீட்டுவேன். அப்பா பிய்த்து எறிவார். மறுநாள் மறுபடி கட்டுவேன். அப்படி வளர்ந்தவள் நான்.

எங்கள் கொட்டகையில் வாசிக்க ஒரே ஒரு முக்காலி. போட்டியில் ஜெயித்தவருக்குத்தான் அது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத்தான் வாசிப்போம். விரல் வித்தையை எவனும் திருடிவிடக் கூடாதே! போட்டியில் எதிராளி பின்னால் நின்று வரிக்கு வரி பதில் வாசிப்பான்; பதில் நின்றால் அவன் தோற்றான். உட்கார்ந்திருப்பவர் அவன் விரலைத் திரும்பிப் பார்த்தால் தோற்றதாகக் கணக்கு. எழுந்து போய்விட வேண்டும். எனக்கு எழுந்து போக இடம் பருத்திக் காடு ஒன்றுதான். காலமெல்லாம் குனிந்து பஞ்சு பறிக்க வேண்டியதுதான்.

பல வருஷமாக அதில் உட்கார்ந்திருந்த ஆஸ்பரியை, பருத்தி அறுவடை சமயத்தில் ஒரு சனிக்கிழமை நான் எழுப்பிவிட்டேன். வாசலில் நின்று கத்தினான்.

"பொம்பளை உக்கார்ற எடமாடி இது? அடுத்த சனிக்கிழமை வர்றேன். என்ன ஆனாலும் வருவேன்!"

"வாயை வீட்டுல வெச்சுட்டு கையைக் கொண்டு வாய்யா!" என்றேன். கொட்டகையே சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை. விளக்கு வைத்த நேரம். மீன் வறுக்கும் வாசனை, ஒரே கூச்சல். ஆஸ்பரியைக் காணோம்.

"பயந்துட்டான்! நீ ஆரம்பி, ஓசெல்லா" என்றான் ஹோசியா.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் வரி பாடி நிறுத்தினேன்.

ட்ர்ர்ங்...

பின்னாலிருந்து பதில் வந்தது. ஆஸ்பரியேதான். அந்தக் கட்டைவிரல் அடி வேறு யாருக்கும் வராது.

ஆனால்... கதவுச் சத்தம் கேட்கவில்லையே? அது கிறீச்சிடாமல் திறந்ததே கிடையாது.

அடுத்த வரி வாசித்தேன். பதில் வந்தது. கூச்சல் அடங்கியது. கால் தட்டுகிற சத்தமும் நின்றது. எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும்...

பிடரியில் ஏதோ உரசியது. மெத்தென்று. பஞ்சு.

ட்ர்ர்ங்... இப்போது பின்னால் இல்லை. மடிக்குப் பக்கத்தில்.

அது நான் இன்னும் யாருக்கும் வாசித்துக் காட்டாத வரி.

கழுத்து தானாகத் திரும்ப முயன்றது.

திரும்பவில்லை.

"எந்திரிக்க மாட்டேன், போடா!"

கண்ணை இறுக்கிக்கொண்டு அடித்தேன். ஒரு தந்தி அறுந்தது. விடவில்லை. இன்னொன்று...

விடவில்லை.

பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன்! கண்ணைத் திறந்து திரும்பினேன். மொத்தக் கூட்டமும் கதவோரம் ஒண்டிக் கிடந்தது.

"எங்கே அவன்?"

ஹோசியாவுக்கு வாய் குழறியது. "அவன் வரலை... உன் தோளுக்கு மேலால ரெண்டு கை வந்துச்சு. மணிக்கட்டு வரைக்கும்தான். உன் கிட்டாரைத்தான் வாசிச்சுது."

மறுநாள் தேவாலயத்தில் செய்தி வந்தது. சனிக்கிழமை மதியமே, பக்கத்து ஊர்ப் பஞ்சாலையில், பருத்திக் கொட்டை பிரிக்கும் இயந்திரத்தில் ஆஸ்பரி சிக்கிக்கொண்டானாம். உயிர் அங்கேயே போய்விட்டது. பஞ்சு மூட்டை எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டித் தேடினார்கள். கை இரண்டும் கிடைக்கவில்லை. கையில்லாமல்தான் புதைத்தார்கள்.

முக்காலியில் இன்றும் நான்தான். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், சில நாள் தந்திகளுக்கு நடுவே பஞ்சு சிக்கியிருக்கும். ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்குவேன்.

வாசித்துவிட்டுப் போகட்டும். கையை மட்டும் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார முடியாதே!