கரீம் பாய் போடாத ஃபிலிம்

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு வாசகர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், போட்டோ கிளாஸ் பத்தி எழுதினீங்களே... ஒரு படம்கூட விழாத காலி ஃபிலிமோட வந்து நின்னாரே, குடைக்கடை பாய்! வீட்ல எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். இப்பவாவது ஃபிலிம் போடக் கத்துக்கிட்டாரா?"

நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை நிமிரவில்லை.

அந்தக் கட்டுரையை உங்களில் பலரும் படித்திருப்பீர்கள். தமாஷாக இருந்தது என்று கடிதம்கூடப் போட்டீர்கள். அதில் ஒரு பொய் இருக்கிறது. இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டுடியோ மாடியில்தான் எங்கள் வகுப்பு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. மாஸ்டர் செல்வநாதனுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மாணவர்கள் ஆறு பேர் – ஒரு பல் டாக்டர், ரயில்வே ஆபீஸ்காரர்கள் மூவர், நான், அப்புறம் கரீம் பாய். பெரிய கடைவீதியில் குடையும் பூட்டும் விற்கிறவர்.

வாரா வாரம் ஒரு பாடம். அதற்கேற்றபடி படம் எடுத்து, அடுத்த ஞாயிறு கொண்டுவரவேண்டும். முதல் வாரம் நிழல். இரண்டாம் வாரம் ஓடுகிற பொருள் – நான் டவுன் பஸ்ஸை எடுத்தேன், முன் சக்கரம் மட்டும் கிடைத்தது. மூன்றாம் வாரம் கைகள். நாலாவது, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம்.

கரீம் பாய் வகுப்பில் சேர்ந்ததே அந்த நாலாவது பாடத்துக்காகத்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். மனைவி மைமூனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால், "யாரோ ஒருத்தர் முன்னால நான் உட்காரணுமா? நீங்களே எடுங்க, எவ்வளவு நேரம்னாலும் உட்காரறேன்" என்பாராம். பினாங்கிலிருந்து மச்சான் காமிரா அனுப்பினார். பாய் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

ஒன்பது வருஷம் கழித்து மைமூன் பிள்ளை உண்டாகியிருந்தார். ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவரங்குறிச்சிக்கு, தாய்வீட்டுக்குப் போகிறார். அதற்கு முன்னால் படம் எடுத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை பாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் காமிரா, பிரிக்காத ஒரு ரோல்.

"சார், இதை மாட்டிக் கொடுங்க. எனக்குக் கை நடுங்குது. நாளைக்கு விட்டா அப்புறம் அவ இங்க இல்ல."

நான் மாட்டினேன். மாட்டிக்கொண்டே பேசினேன்... வாசகர்களுக்குத் தெரியும், நான் பேச ஆரம்பித்தால் எப்படி என்று. ஜன்னலுக்கு எதிரில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், முகத்தின் மறுபக்கம் இருட்டாகாது. கண்ணைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்கள் – மாஸ்டர் சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி ஒப்பித்தேன்.

ஃபிலிமின் முனையை உள்ளே இருக்கிற உருளையின் பிளவில் செருகவேண்டும். மூடியபின் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இருக்கும் குமிழ் கூடவே திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். திரும்பினால்தான் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம்.

நான் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பாய் வீட்டில் ஒரு மணி நேரம் படம் எடுத்திருக்கிறார். மைமூன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாராம். வேட்டியைக் கொடியில் போட்டு, நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, இருபது படம். சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் ஃபிலிமைக் கழுவினோம். மாஸ்டர் ஈரத்தோடு அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஆரம்ப முனை மட்டும் கறுப்பு. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியாக எதிர்க்கடை போர்டைப் படிக்கலாம்.

"ஃபிலிம் நகரவே இல்லை. உருளையில மாட்டாம மூடியிருக்கு. யார் போட்டது இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நான்தான் மாஸ்டர். அவசரத்துல போட்டேன்" என்றார் கரீம் பாய்.

என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன் பாய்! இது எல்.கே.ஜி. பாடம்" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர், "இருபது படமும் ஒரே மாதிரி வந்திருக்கு, அதுவரைக்கும் சரி" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

மாடிப்படி இறங்கும்போது அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"விடுங்க சார். பத்திரிகையில எழுதற ஆளு நீங்க. அத்தனை பேருக்கு முன்னால உங்களுக்கு எதுக்கு இந்தக் கேலி? அவ குழந்தையோட வரட்டும். ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்துக்கலாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

நானும் சுலபமாக எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் எழுத விஷயம் கிடைக்கவில்லை. கிடைத்ததை எழுதினேன் – காலி ஃபிலிம் பாய். பத்திரிகை வந்ததும் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்:

"ஃபிலிம் மாட்டினது நீங்கதானே? நான் காபி கொண்டுவந்து வெச்சேனே, அப்பதானே?"

"கட்டுரைன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

அவள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம்போல இருக்கும். கரீம் பாய் இரண்டு ஞாயிறு சேர்ந்தாற்போல் வரவில்லை. கடையும் பூட்டியிருந்தது. பல் டாக்டர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். நாள் நெருங்கும் முன்பே வலி கண்டிருக்கிறது. பெண் குழந்தை. குழந்தை பிழைத்துவிட்டது. மைமூன் பிழைக்கவில்லை.

போனேன். கடைவீதிக்குப் பின்னால், ஒரு சந்தில் வீடு. பாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவருடைய அக்கா குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு கைக்குள் அடங்குகிற குழந்தை. நல்ல தூக்கம்.

என்ன சொல்வது? வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவன், ஒரு வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவரே பேசினார்.

"எனக்கு அவ முகம் மறக்காது சார். இதுக்குத்தான்... நாளைக்குக் கேட்கும்ல, அம்மா எப்படி இருப்பாங்கன்னு? மூக்குக்குப் பக்கத்துல ஒரு மச்சம் இருக்கும்னு சொல்லுவேன். நல்ல நிறம்னு சொல்லுவேன். அப்புறம்? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், அதுக்கு மேல சொல்லத் தெரியல."

"பாய்... அந்த ஃபிலிம்... என்னாலதான்..."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று கையைத் தட்டிக் கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போனவனுக்கு அவர் ஆறுதல் சொல்கிறார்!

கொஞ்ச நேரம் கழித்து, என்னைச் சந்தோஷப்படுத்துகிற மாதிரி, இன்னொன்றும் சொன்னார்.

"உங்க கட்டுரையை அவளுக்கு அனுப்பினேன் சார். படிச்சுட்டுச் சிரி சிரின்னு சிரிச்சாளாம். 'அன்னிக்கு ஒரு மணி நேரம் இடுப்பு வலியோட உட்கார்ந்திருந்தேனே, உங்களுக்கு ஒரு ஃபிலிம் மாட்டத் தெரியலியா?'ன்னு கடுதாசி எழுதியிருந்தா. அதுதான் அவகிட்ட இருந்து கடைசிக் கடுதாசி."

"நீங்க பதில் எழுதலையா?"

"எழுதினேன். அடுத்த தடவை சரியாப் போடறேன்னு எழுதினேன். உங்க பேரை எதுக்கு இழுக்கணும்?"

சந்திலிருந்து வெளியே வந்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் நின்றேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். பாய் வரவில்லை. இனி வரமாட்டார் என்று நினைக்கிறேன். "அந்த ஃபிலிமை மாட்டினது நான். பாய் இல்லை" என்றேன். பல் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மெதுவாக, "உட்காருங்க சார்" என்றார். பிறகு அந்த வாரப் பாடத்தை ஆரம்பித்தார். வேறு என்ன செய்வார்?

தப்பைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யாரைக் கேட்டு எழுதினேனோ, தெரியவில்லை.

அன்றைக்கு ஐந்து பேரிடம் சொன்னேன். இன்றைக்கு உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர், புருஷனுக்கு ஃபிலிம் மாட்டத் தெரியாது என்று நினைத்தபடியே போய்விட்டார்.