ஸ்டெல்லா அக்காவின் ஹேண்ட் பிரேக்

கைப்பேசியில் ‘ஸ்டெல்லா அக்கா’ என்ற பெயரைப் பார்த்ததும் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். பத்து மணிக்குக் காரோடு வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்னை அறந்தாங்கி கடைவீதியில் வெயிலில் காயவிட்டிருந்தார். பேசியது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். “டீச்சரு காலையில எந்திரிக்கவே இல்லீங்க. கதவ ஒடச்சுத்தான் உள்ள போனோம். கொஞ்சம் வெரசா வாரீங்களா?” என்றார். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சும்மா தூங்குகிற முகம்தான். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

கோட்டைப்பட்டினம் பக்கம் அவரிடம் கணக்குப் படித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் போட்ட மதிப்பெண்ணையும் அவரிடம் வாங்கிய திட்டையும் நீங்கள் எழுதுங்கள். நான் வரலாறு நடத்தியவள். அதே பள்ளிக்கு அவரோடு தினமும் காரில் போய் வந்தவள். எனக்குத் தெரிந்த அக்கா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் நான் அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல கை மாறி அவரிடம் வந்த பழைய கார் அது. எஞ்சின் நல்ல எஞ்சின், ஹாரனும் நன்றாக அடிக்கும். ஹேண்ட் பிரேக் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. லிவரை மேலே எவ்வளவு இழுத்தாலும் ‘கடகட’ என்று சத்தம் வருமே தவிர, வண்டி தன் போக்கில் உருளும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. முன் இருக்கையில் யார் உட்கார்கிறார்களோ அவர் காலடியில் ஒரு கருங்கல் இருக்கும். வண்டி நின்றதும் அவர் முதலில் இறங்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முன் இருக்கை என்னுடையது. பிள்ளைகள் எனக்கு ‘கல்லு டீச்சர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அக்காவிடம் முறையிட்டால், “வண்டின்னா ஓடத்தான் செய்யும். நிக்கிறதுக்கு நாமதான் ஏதாச்சும் பண்ணணும்” என்பார்.

ஒரு முறை அறந்தாங்கியில் ஒரு மெக்கானிக் அந்த பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார். அன்று காலை ஊரைத் தாண்டியதுமே வண்டி முக்க ஆரம்பித்தது. “கடக்காத்து எதுத்து அடிக்குதுடி” என்று அக்கா ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். கடல் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. பிறகு கருகல் நாற்றம் வந்தது. ஏதோ வயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நான் சொன்னேன். எதிரே வந்த பஸ் டிரைவர் கையை நீட்டிக் கத்திய பிறகுதான் நிறுத்திப் பார்த்தோம், பின் சக்கரம் இரண்டிலும் புகை. காரணம் வேறொன்றுமில்லை. எதற்கும் உதவாத லிவர் என்று நாங்கள் அதை எப்போதும் மேலே தூக்கி வைத்து, சாப்பாட்டுப் பையை அதில் மாட்டியே பழகியிருந்தோம். இறுக்கிய அன்றும் வழக்கம்போலத் தூக்கினோம், பையை மாட்டினோம், கிளம்பினோம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ தீய்ந்துபோய் மறுபடியும் பிடிக்காமல் போயிற்று. அக்கா சாலையோரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முதல் பீரியட் எனக்குத்தான்.

ஓய்வு பெற்ற பின் அந்த வண்டி இன்னும் அதிகமாக ஓடியது. அக்காவின் கணவர் காலமாகி வெகுகாலம். ஒரே மகன் அருள் சிங்கப்பூரில். வீட்டில் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை அவர். ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடிக்கப் போன யாராவது வீட்டு ஆம்பளைகளை எல்லை தாண்டியதாகக் கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்தால், அந்த வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போவார். ஒரு முறை அப்படிப் பெண்களை ஏற்றப் போனபோது துறைமுகத்துச் சரிவில் கல் வைக்க மறந்துவிட்டோம். வண்டி மெல்ல நழுவி, அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகளில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் விட, நாங்கள் வீடு திரும்புவதற்குள் அது சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது.

அருள் லீவில் வந்ததும் முதல் பேச்சே அதுதான். “நான் கெளம்புறதுக்குள்ள அந்த பிரேக்கு ஏத்தத்துல நின்னு காட்டணும். நிக்கலைன்னா வண்டிய வித்துட்டுத்தாம்மா போவேன். அங்க ஒக்காந்துக்கிட்டு ஒங்கள நெனச்சே எனக்குத் தூக்கம் வரல” என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. மறுநாள் அக்கா என்னை மட்டும் அழைத்து, “வண்டி போச்சுன்னா நான் வீட்டுல கண்ணாடியில ஒட்டுன பொட்டு மாதிரி கெடக்கணும்டி” என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான்.

இருவரும் சேர்ந்து வேலையில் இறங்கினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, அக்கா கோணிச் சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். ஷூ சக்கரத்து டிரம்மில் உரசும்வரை முடுக்கி, கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அது நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு கேபிளின் நட்டை இறுக்க வேண்டும். நான் உள்ளே லிவரை இழுத்து இழுத்து விட, அவர் கீழே ஸ்பானரோடு மல்லுக்கட்டினார். கடைசியில் கீழிருந்து குரல் வந்தது. “மரை முடிஞ்சுபோச்சு. கேபிள் நீண்டுருச்சு. இனி இறுக்க எடமில்ல.” புது கேபிள் திருச்சியிலிருந்து வர வேண்டும். அது வர மறுநாளாகும் என்றார்கள். அருளுக்கு மறுநாள் விமானம். அன்று சாயங்காலமே சோதனை.

கண்மாய்க் கரைக்கு ஏறுகிற சாலையில் வண்டியை நிறுத்தினோம். அக்கா லிவரை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினார். “நீ ஒக்காரு. கால் பிரேக்க மிதிச்சுக்க. நான் சொல்றப்ப எடு” என்று மகனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். பிறகு நேரே வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். “வேண்டாங்க்கா, இங்கிட்டு வந்துருங்க” என்றேன். “நீ கல்லோட நில்லு. வாயத் தொறக்காத.”

“அம்மா, தள்ளிப் போங்க” என்று அருள் உள்ளிருந்து கத்தினான்.

“நிக்கும்டா. எடு கால.”

வண்டி அசையவில்லை. “எடுத்துட்டியா?” என்றார் அக்கா. “எடுத்துட்டேம்மா.” “நிக்குதா?” “நிக்குது.” அவ்வளவுதான். நான் கல்லைக் கீழே போட்டுவிட்டு மாதாவை நினைத்துக் கும்பிட்டேன்; நான் கும்பிடுகிற சாமி வேறு என்பதுகூட அப்போது நினைவில்லை. மறுநாள் மகனை வழியனுப்பிவிட்டு வருகிற வழியிலேயே புது கேபிளை வாங்கிப் போட்டார் அக்கா. அன்றிலிருந்து அந்த பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. வண்டியும் கடைசிவரை அவரிடமே இருந்தது.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு அருள் காரில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக் லிவரைத் தொட்டுக்கொண்டே பேசினான்.

“சித்தி, அன்னிக்கு நான் கால எடுக்கவே இல்ல. அம்மா பின்னாடி நிக்கிறப்ப எப்படி எடுப்பேன்? எடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். அவங்க அத நம்பிக்கிட்டு இத்தன நாளு ஓட்டியிருக்காங்க. ஏதாச்சும் ஆயிருந்தா?”

அவன் அதை எத்தனை காலம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தானோ. புது கேபிள் போட்ட அன்று அக்கா என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

“அம்மாவுக்குத் தெரியும்ப்பா. நீ கால எடுக்காத வரைக்கும் பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். அதப் பாத்துக்கிட்டேதான் நின்னாங்களாம். பிரேக்கு நிக்காதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். ‘அவன் எடுக்க மாட்டான்டி, எம்புள்ள’ன்னு சொன்னாங்க. மறுநாளே புது கேபிள் போட்டாச்சு.”

அருள் என்னைப் பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து, சின்னப் பிள்ளையாக அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானும் அழுதேன்.

அக்காவிடமிருந்து எனக்கு என்று ஒன்று இருக்கிறதென்றால், அது அந்த ஏற்றத்தில் அவர் நின்ற நிலைதான். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பிடிக்காத பிரேக்குக்குப் பின்னால், பெற்ற மகனின் காலை நம்பி நின்றார். எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களை அப்படி நம்பி நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன், அக்கா.