நிரைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரி

சரக், சரக் என்று செருப்புச் சத்தம் கதவுவரை வரும், நிற்கும், திரும்பிப் போகும். தைரியம் தேடி வருகிறவர்களுக்குக் கதவைத் தட்டவே தைரியம் இருக்காது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் சங்கடம். இரவில் நீலாய் ஊர்த் தொழிற்சாலையில் காவல், பகலில் பாரோயில் உள்ள என் வீட்டு முன்னறையில் மனோவசியம். பழைய புத்தகங்களை வைத்து நானாகக் கற்றது. தூக்கம் வராதவன் பிறரை உறங்கவைக்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நாற்காலி

கதவை நானே திறந்தேன். முனியம்மா அக்கா. ரப்பர் தோட்டத்தில் என் அம்மாவோடு களை எடுத்தவர். இங்கேயே பிறந்தும், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். நேர்காணலில் மலாயில் பேசிக் காட்டினால்தான் குடியுரிமை. பசாரில் மீன்காரனையே மடக்குகிற மலாய் அவருடையது. அதிகாரியைப் பார்த்தால் மட்டும் அந்த மலாய் எங்கோ ஒளிந்துகொள்ளும். போன தடவை வாயே திறக்காமல் திரும்பியிருக்கிறார்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் உட்கார்ந்து பழகியவர்களா நம் ஆட்கள்? "நீ ஆரம்பி தம்பி, நான் நின்னுக்கிட்டே மயங்குறேன்."

கடல்

"அமைதியான கடற்கரையில் நடக்கிறீர்கள்" என்றேன், புத்தகத்தில் உள்ளபடி. அக்கா கண்ணை மூடியபடியே சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். "தண்ணியில எறக்கிடாதப்பா!"

கடலை விட்டுவிட்டு ரப்பர் காட்டுக்குக் கூட்டிப் போனேன். களையெடுக்கும் பெண்கள், ஆள் தவறிவிடாமலிருக்க, நிரை என்கிற மரவரிசைகளில் நின்று நிரைக்கு நிரை கூவிக்கொள்வார்கள். சின்ன வயதில் நான் பள்ளிவிட்டு வரும்போது அந்தக் கூவல் காதில் விழுந்தால் பாதி வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். "அதிகாரி நிரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், உங்கள் குரல் அவரிடம் போய்ச் சேரும்" என்றேன். அக்காவின் தோள் நிமிர்ந்தது. கண் திறந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "அங்க உங்கம்மாவும்தான் கூவுச்சு, கேட்டியா தம்பி?"

பெயர்

நேர்காணல் முடிந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். நான் காவல் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 'பெயர் என்ன?' என்று அதிகாரி கேட்டதும், தன் பெயரை நாலு நிரை தாண்டிக் கேட்கும்படி கூவியிருக்கிறார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்களாம். தலையில் கைவைத்தேன். காட்டுக்குக் கூட்டிப்போனவன், குரலை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவர மறந்திருக்கிறேன்.

"அத்தைன்னு கூப்பிடுற மாதிரி 'மாச்சிக், நான் செவிடு இல்ல லா'ன்னு மலாய்ல சொல்லிட்டுச் சிரிச்சிட்டான் தம்பி. சிரிக்கிற ஆள்கிட்ட என்ன பயம்? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன், உக்காந்துக்கிட்டே!"

சொல்லிவிட்டு என் நாற்காலியிலும் சாய்ந்து உட்கார்ந்தார். குடியுரிமைக்கான நீல அட்டை வருமா என்பது இனி மேலிடத்துக் காரியம்.

யாரை வேண்டுமானாலும் அம்மா கூவுகிற அந்தக் காட்டுக்கு அனுப்பிவைக்க முடிகிற எனக்கு, நானே போய்வர மட்டும் இன்னும் வழி தெரியவில்லை என்று நினைத்தபடி, பாதியில் விட்ட காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன்.