பூசைக்கு வந்த துப்பாக்கிகள்

தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் எங்கள் வக்கீல் ஐயா பேனாவை மூடிவிட்டு ஜன்னலுக்குப் போவார். லாரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த சமயம். மலாயாவில், குளுவாங் நகரில் அவருடைய அலுவலகத்தில் நான் குமாஸ்தா. சண்டை எங்கோ நடக்கிறது, நமக்கென்ன என்று கோப்பிக்கடையில் ஊரே பேசிக்கொண்டிருக்க, இந்த மனிதருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவருடைய பயம் மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலை நினைத்துத்தான். காட்டை அழித்த முதல் தலைமுறை கட்டிய கோயில். கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அம்மன். இன்று அந்த இடத்தில் எண்ணெய்க்கு நட்ட செம்பனை நிற்கிறது. தோட்டத்தில் முகாம் போட்ட பட்டாளம், வெடிமருந்துப் பெட்டிகளை அடுக்க மழை ஒழுகாத அந்த மண்டபத்தைக் கேட்டது. போரில் கோயிலைத் தாக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, உள்ளே ஆயுதம் சேர்த்தால் அந்தக் காப்பு போய்விடும் என்று ஐயா எனக்கு விளக்கினார். இத்தனைக்கும் அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். முகாமுக்கு நடையாய் நடந்து வெள்ளைக்காரக் கேப்டனிடம் வாக்கு வாங்கினார். ஒரு துப்பாக்கிகூட உள்ளே போகாதவரை பெட்டிகளும் போகாது என்றார் கேப்டன். அன்று திரும்பும் வழியில் ஐயா எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் கைக்கு அது பெரிய தாராளம்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் ஜனங்கள் பால்வெட்டும் கத்தியையும் மண்வெட்டியையும் அம்மன் முன்னால் வைப்பார்கள். துப்பாக்கி யாருக்கு நினைவுக்கு வரும்? முகாமில் இருந்த வடக்கத்திச் சிப்பாய்களுக்கும் அது ஆயுதத்தைக் கும்பிடும் நாள். கோயில் தலைவரான கங்காணி அவர்களை அன்போடு வரவேற்று, துப்பாக்கிகளை வாங்கி அடுக்கி வைத்தார். பூசை போட்டதை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் அவை அங்கேயே இருந்தன.

காலையில் செய்தி கேட்டு ஓடினோம். கேப்டன் வாசலில் நின்று, சந்தனமும் குங்குமமும் வைத்த துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வழிபாடு வேறு, கிடங்கு வேறு என்று ஐயா மன்றாடினார். உங்கள் ஆட்களே வைத்துவிட்டார்களே என்று சொல்லிவிட்டு, கேப்டன் லாரியை வரச் சொன்னார்.

"என்ன கங்காணி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் ஐயா.

"சாமி கும்பிட வந்தவங்கள வேணாம்னு எப்படிங்கய்யா சொல்றது? பட்டாளமே நம்ம கோயில்ல இருந்தா எவன் தொடுவான்?"

"அதுக்காகத்தான் தொடுவான், கங்காணி."

பெட்டிகள் இறங்கின. ஆபத்து வராமலிருக்க, கங்காணியின் மனைவி ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். ஐயாவின் முன்னால் வந்ததும், அவர் வேதக்காரர் என்பது நினைவுக்கு வந்து தயங்கினாள். ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியை நீட்டினார்.