தாழ்வுபாட்டில் பாடிய மூன்று கழுதைக் குட்டிகள்

வெயிலில் காயவைத்த பற்றறியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. தொட்டால் சுடும்… ஆனால் ஒரு பாட்டு முடியும் முன்னரே உயிர் போய்விடும்.

சண்டைக் காலம். மன்னாரில் எங்கள் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கரண்ட் இல்லை, கடைகளில் பற்றறி இல்லை; தீர்ந்ததையே வெயிலில் காயவைத்துக் கொஞ்சம் உயிர் ஏற்றுவோம். கடற்கரையோரம் ஓர் ஓலைக் கொட்டிலில் சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த நேசறியில் எனக்கு முதல் வேலை. வயது பத்தொன்பது. பெரிய ரீச்சர் ஜெசிந்தா அக்கா, என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். பாட்டும் அவரே எழுதுவார், படமும் அவரே கீறுவார்.

கலைவிழாவுக்காக ஒரு பாட்டை நாங்கள் இருவரும் ரேப் ரெக்கோடரில் பாடிப் பதிந்தோம். வெயிலில் வைத்தெடுத்த பற்றறிதான். கசற் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று நாங்கள் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் எங்கள் பாடு தெரிந்து, பங்குத் தந்தை தன் இரண்டு ரோச் லைற்றுகளிலும் இருந்த புதுப் பற்றறிகளைக் கழற்றித் தந்தார். பிள்ளைகளை இருத்திவிட்டு ரேப்பைப் போட்டோம்.

எங்கள் குரலே இல்லை. மெதுவாய்ச் சுற்றிப் பதிந்தது புதுப் பற்றறியில் வேகமாய்ச் சுற்ற, கீச்சுக் கீச்சென்று ஓட்டமாய் ஓடியது பாட்டு. ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்வரிசையில் மேரி என்றொரு பிள்ளை. கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராத நாளிலிருந்து அது நேசறியில் வாய் திறந்ததில்லை. அந்தப் பிள்ளை எழும்பி ரேப்புக்குக் கிட்ட வந்தது.

"ரீச்சர், ஆரது பாடுறது?"

ஜெசிந்தா அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வழக்கம்போலக் கழுதைகள், மூன்று குட்டிகளோடு நின்றன. மன்னாரில் எந்த வாசலில்தான் அவை இல்லை…

"அது கழுதைக் குட்டியள் பாடுது மகள். மூண்டு பேர்."

மேரி சிரித்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். 'திரும்பப் போடுங்கோ' என்று மேரிதான் முதலில் கேட்டாள்.

அன்று பின்னேரமே அக்கா மூன்று குட்டிகளையும் கீறிவிட்டார். கறுவல், சூட்டி, மூக்கன் என்று பெயரும் வைத்தார். கறுவல் பொறுப்பானவன், சூட்டி அவசரக்காரி, மூக்கனுக்கு எப்போதும் பசி.

பாட்டு விளங்க வேண்டுமென்றால் பதியும்போது இன்னும் மெதுவாகப் பாட வேண்டும் என்று அக்கா கண்டுபிடித்தார். ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து இழுத்து, மூச்சுப் பிடித்துப் பாடுவோம். பழைய பற்றறி பதிவதற்கு, புதியது கேட்பதற்கு. நான் நாலு வரிக்குள் களைத்துவிடுவேன். அவர் களைத்ததை நான் கண்டதில்லை.

படத்துக்கு பிஸ்கற் பெட்டி. முன்பக்கம் சதுரமாக வெட்டி, நீளத் தாளில் கீறிய படங்களை இரண்டு தடிகளில் சுற்றி, பாட்டுக்கு ஏற்ப உருட்டுவோம். பிள்ளைகள் அதைப் 'பெட்டிப் படம்' என்றார்கள்.

ஒரு தகப்பன் மட்டும் கோபமாக வந்தார். பிள்ளைகளைக் கழுதை என்று பழக்குகிறீர்களா என்று கேட்டார். அக்கா மிக மரியாதையாகச் சொன்னார்:

"ஆண்டவர் எருசலேமுக்குக் குதிரையிலயோ ஐயா போனவர், கழுதையிலயோ?"

அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

கசற் படி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. இடம்பெயர்ந்த சனத்தோடு முகாம்களுக்கும் போனது. யார் பாடியது என்று யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லிக்கொண்டதும் இல்லை.

பிறகு சண்டை முடிந்து கன வருடங்கள் கழிந்தன. உயிலங்குளம் என்ற ஊரின் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை தர்ஷினி, கொழும்பில் கார்ட்டூன் படம் செய்கிறவள், நேசறி நேசறியாக விசாரித்து அக்காவைத் தேடி வந்தாள். சின்ன வயதில் அந்தக் கசற்றைக் கேட்டே வளர்ந்தாளாம். அதைப் படமாக எடுக்க வேண்டுமாம். அவளோடு வந்தவர்கள் கழுதை வேண்டாம், அணில் என்றால் எல்லா நாட்டுக்கும் பிடிக்கும் என்றார்கள். அப்படியென்றால் படமே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். தர்ஷினியும் அவர் பக்கமே நின்றாள்.

ஆனால் பாடக் கேட்டபோது அக்கா தயங்கினார். அறுபதைத் தாண்டிவிட்டார், குரல் கரகரத்திருந்தது. வேறு யாரையாவது பாட வையுங்கள் என்றார். நான்தான் வற்புறுத்தி ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒலிப்பதிவு செய்த தம்பி, சாதாரணமாகப் பாடினால் போதும், மிச்சத்தைக் கொம்பியூற்றர் பார்த்துக்கொள்ளும் என்றார். அக்கா அப்படியும் பாடினார். பிறகு, தன் பழைய முறையில் இழுத்து இழுத்து ஒரு தரம் பாடிக் காட்டினார்.

தர்ஷினி இரண்டையும் குட்டிகளின் வேகத்துக்கு ஏற்றிப் போட்டுக் கேட்டாள். இரண்டாவது முடியும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"இதுதான் அன்ரி. இதில ஒவ்வொரு எழுத்தும் கேக்குது."

போன மாதம் பாடசாலை மண்டபத்தில் படம் போட்டார்கள். பெரிய திரை, அத்தனை நிறம். கழுதைக் குட்டிகள் எங்கள் கடற்கரையில் ஓடின. முடிவில் அக்காவின் பெயர் தனியாக வந்தது. சனம் எழும்பிக் கைதட்டியது. அக்கா தலை குனிந்தபடி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்போது வாசலில் ஒரு சின்னப் பெண்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. ஏனென்று கேட்டோம். எங்கள் நேசறியில் படித்தவளான தாய்க்காரி கூச்சத்தோடு சொன்னாள். பெட்டிப் படம் காட்டுகிற நாட்களில் அக்கா ரேப்பை நிறுத்திவிட்டு, பாட்டுக்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் பாடுவார். அதைச் சொல்லித்தான் மகளைக் கூட்டி வந்தாளாம். படத்தில் மகளின் பெயர் வரவே இல்லை…

அக்கா வெளியே கிடந்த கதிரையொன்றில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உங்கட பேர் என்ன ராசாத்தி?"

"அனுஷா."

அந்தக் கரகரத்த குரலில், எந்த மெஷினும் இல்லாமல் அக்கா பாடினார். அனுஷா வந்தாளா என்று கறுவல் கேட்டான். அனுஷா சாப்பிட்டாளா என்று மூக்கன் கேட்டான்.

இப்போது அந்தப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. உலகத்தில் எங்கே போட்டாலும் ஒரே மாதிரி, ஒரு பிழையும் இல்லாமல் ஓடும். எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

ஆனால் அன்று மண்டபத்துக்கு வெளியே, அனுஷாவுக்குப் பின்னால், பெயர் சொல்ல இன்னும் பதினைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.