கல்லுக் கொல்லைக்கு ஒரு கலங்கல்

“ஆபீஸ் கையி இது. ஒரு வாரம் மம்முட்டி புடிச்சா கொப்புளம் வந்துடும். அப்பால நீயே வந்து, வித்துடு நைனான்னு சொல்லுவ.”

நைனா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருடைய சட்டைப் பையில் மனை விற்பவரின் கார்டு இருந்தது. திருப்போரூர்ப் பக்கம் வயலையெல்லாம் கல் நட்டுப் பிரித்து முடித்தவர்கள் இப்போது எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது நெல் விளையும் நிலத்தை அல்ல. மலைச் சரிவில் சும்மா கிடந்த எங்கள் கல்லுக் கொல்லையை.

செய்யூர் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பி, ஏரிக்கரையைத் தாண்டினால் அந்த மலை வரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் குன்று என்பார்கள். எங்களுக்கு வேறு மலை இல்லாததால் அதுதான் மலை. பாதிச் சரிவில், ஆடு கட்டுவதற்காக நைனா எழுப்பிய ஒற்றை அறை. சிமெண்ட் ஷீட் போட்ட கூரை, கதவு இல்லாத வாசல், முன்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு பாறை. மதியம் மூன்று மணிக்கு மேல் கடல்காற்று அங்கே வந்து சேரும். அப்போது ஊர் வெந்துகொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம் போனதில்லை. அதனால் ஒரு பிள்ளை படிக்கும்போது டிவியை நிறுத்த வேண்டும் என்பதும் யாருக்கும் தெரியாது. நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன். நைனா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். என்னைப் பார்த்ததும், “அந்தாண்ட போங்க, புள்ள படிக்கிது” என்று ஆடுகளை அதட்டி மறுபக்கம் ஓட்டுவார். இன்று ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்றால், அதில் அந்த ஆடுகளுக்கும் பங்குண்டு.

“ஒரு வருஷம் குடு நைனா. அடுத்த சித்திரைக்குள்ள அத ஆள் குந்துற எடமா ஆக்கிக் காட்டுறேன்.”

“ஆக்கலன்னா?”

“உன் இஷ்டம்.”

அவர் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தார். கிழித்துப் போடவில்லை. எனக்கு அது போதுமான எச்சரிக்கை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலையில் என்று ஆனது. முதலில் வேலிகாத்தான் முள்ளை வெட்டினேன். கொப்புளம் வந்தது. நைனா கண்ணில் படாமல் இருக்க, சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன். “ஆபீஸ்ல இப்டித்தான் துன்றாங்களா?” என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அறைக்குக் கதவு வைத்தேன், சுண்ணாம்பு அடித்தேன். செய்யூரிலிருந்து சவுக்குக் கழிகள் கொண்டுவந்து வாசலில் பந்தல் போட்டேன். முதல் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ நலம் விசாரிப்பது போல நின்றது. பிரித்து மறுபடி போட்டேன்.

மலைக்குக் கீழே இருக்கிற வேர்க்கடலைக் கொல்லை என் அத்தையுடையது. நைனாவின் அக்கா. களை எடுக்கிற சாக்கில் நான் செய்வதையெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னா ஆபீஸரம்மா, மேல பங்களா கட்டிகினு கீறியா?”

“ஆமா அத்த. உனுக்கும் ஒரு ரூமு கீது, வரியா?”

“ஐய, நான் வந்தா உன் பந்தலு தாங்காது.”

ஆடிப் பட்டத்துக்குள் விதைத்தாக வேண்டும். சரிவில் நேராக விதைத்தால் எதுவும் நிற்காது என்பதால், மலையைக் குறுக்காக வெட்டி மூன்று படிகளாக்கினேன். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மண் அணைத்து வரப்பு போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா மேலே வந்து என் வரப்பைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

“இது வரப்பா? எலி வளை. குடு இங்க.”

மம்முட்டியை வாங்கினவர் சாயங்காலம் வரைக்கும் திருப்பித் தரவில்லை. மண்ணைக் குழைத்து, அடித்து, மம்முட்டியின் பின்பக்கத்தால் வழித்து, வரப்பைக் கண்ணாடி போல ஆக்கினார். நானும் அவருக்கு இணையாக மறு ஓரத்திலிருந்து மெழுகிக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்த விவசாயம் நெல். நெல்லுக்கு வரப்பு என்றால் சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. ஊரிலேயே ஒழுகாத வரப்பு நைனாவுடையது என்று பேர். மூன்று படியையும் அடைத்து முடித்தபோது அவர் தள்ளி நின்று பார்த்தார். விற்கப்போகிற நிலத்தை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை, புடலை, வெண்டை, பூசணி போட்டேன். ஆவணியில் பந்தலில் கொடி ஏறிவிட்டது. புரட்டாசியில் முதல் வெண்டைக்காயை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் மழை விட்டதும் மலைக்கு ஓடினேன். மேல் படி இருந்த இடத்தில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. ஒழுகாத வரப்புக்குள் தண்ணீர் நின்று, நின்று, போக வழியில்லாமல் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. அந்த வேகத்தில் நடுப் படி போயிற்று, கீழ்ப் படியும் போயிற்று. கொடிகள் வேரோடு தொங்கின. கல்லுதான் மிச்சம். வெள்ளை வெளேரென்று, கழுவி வைத்த மாதிரி.

கீழிருந்து அத்தை கத்தினாள். “ஏண்டி, உன் மண்ணு மொத்தமும் எங் கொல்லையில வந்து குந்திகினு கீது! வந்து இட்டுகினு போ!”

நைனா எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. கார்டை எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். பீடிக்கட்டை எடுத்தார். அதுவும் நனைந்திருந்தது.

“பாத்தியா பாப்பா,” என்றார். “கல்லு கல்லாத்தான் இருக்கும்.”

அன்றைக்கே வீட்டில் பேச்சை முடித்திருப்பார். ஆனால் மத்தியானம் ஊரே ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. அதை எங்கள் பக்கம் கோடி போகிறது என்போம். கோடி போனால் வீட்டுக்கு ஒருத்தராவது போய் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்ற வேண்டும். அம்மா தட்டோடு கிளம்பினாள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. “அதுக்கு இன்னா, மலைமேல கோவமின்னா ஏரி இன்னா பண்ணும்?” என்று இழுத்துக்கொண்டு போனாள். நைனாவும் வந்தார்.

கலங்கல் என்பது வேறொன்றுமில்லை. உயர்ந்த கரையில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தாழ்வாகக் கட்டின கல்திட்டு. அந்த அகலம் முழுக்க, மெல்லிய துணியை உதறி விரித்தது போலத் தண்ணீர் வழிந்து கீழே கல் பாவின தரையில் விழுந்து நடந்தது. பிள்ளைகள் அதில் மீன் துழாவிக்கொண்டிருந்தார்கள். அம்மா கற்பூரத்தை ஏற்றிவிட்டுச் சொன்னாள், “எவ்ளோ மரியாதியா போவுது பாரு.”

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம வழியே வுடலியே,” என்றேன்.

“வயலுன்னு நெனச்சிகினேன்,” என்றார் நைனா. “அது ஏரி. மூணு ஏரி கட்டிட்டு ஒண்ணுக்கும் கலங்கலு வெக்கல.”

“இன்னா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?” என்றாள் அம்மா. நாங்கள் சிரித்ததைப் பார்த்து, கற்பூரத் தட்டோடு சாமி எதிரில் என்ன சிரிப்பு என்று திட்டினாள்.

அடுத்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்தேன். அத்தையின் கொல்லையில் குந்தியிருந்த மண்ணை, கொத்தனார்கள் சிமெண்ட் அள்ளுகிற பாண்டில் அள்ளி, தலையில் வைத்து மேலே ஏற்றினோம். அத்தை சும்மா நின்று வேடிக்கை பார்க்கப் போவதாகத்தான் சொன்னாள். பத்து நிமிஷத்தில் அவள் தலையிலும் ஒரு பாண்டு. “எங் கடலைக்கு வந்த எருவும் இதுல போவுது, ஞாபகம் வெச்சிக்க” என்று ஒவ்வொரு நடைக்கும் சொன்னாள்.

கல்லுக்குத்தான் பஞ்சமில்லையே. மறுபடி போட்ட வரப்பு ஒவ்வொன்றிலும் ஒரு முழம் அகலத்துக்குத் தாழ்வாக விட்டு, தட்டைக் கல் பதித்து, தண்ணீர் விழுகிற இடத்திலும் கல் பாவினோம். மேல் படியின் கலங்கல் வலது ஓரம், நடுப்படிக்கு இடது ஓரம், கீழே மறுபடி வலது. தண்ணீர் அவசரப்படாமல் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று நான் சொன்னேன். நைனா தலையாட்டிவிட்டு, நான் வைத்த ஒரு கல்லை எடுத்துத் திருப்பி வைத்தார். அவர் போனதும் நான் அதை மறுபடி திருப்பினேன்.

கார்த்திகைப் புயல் மழையில் குடையோடு நாங்கள் எல்லோரும் மலையில் நின்றோம். மேல் படி நிரம்பியது. கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு தட்டைக் கல்லின் மேல் ஏறி, நெளிந்து, கீழே இறங்கியது. வரப்பு அப்படியே இருந்தது. அம்மா முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, முழங்கை நீளமே இருந்த அந்தக் கலங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். “சின்னதா இருந்தா இன்னா, அதுவும் கோடிதான?” கற்பூரம்தான் மழையில் பற்றவில்லை.

புதிதாகப் போட்ட அவரை தை மாதம் காய்த்துக் கொட்டியது. முதல் கூடை அத்தைக்கு. “எம் மண்ணுல வெளஞ்சது, அதான் ருசி” என்றாள்.

சித்திரை பிறந்து சில நாளில் மனைக்காரர் வந்தார். அன்று ஞாயிறு. நைனா பந்தலுக்கடியில் பாறை மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இப்போதெல்லாம் மூன்று மணிக் காற்றுக்கு நான் வருவதற்கு முன்பே அவர் வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறார். மனைக்காரர் மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கி, சுற்றிலும் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, போன வருஷம் வெறும் கல்லா கெடந்துது?”

“இப்பவும் கல்லுதான். தோ, தண்ணி போறதுக்கு வழி வெச்சிகீறோம்.”

“அப்ப ரேட்டு பேசலாமா?”

நைனா எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே கையை என் பக்கம் நீட்டினார். “எம் பொண்ணாண்ட கேளு. அவ குடுத்தா வாங்கிக்க.”

மனைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இறங்கி வரவில்லை. அறைக்கு மேலே, இதுவரை யாரும் தொடாத சரிவில், ஆடி மழைக்கு முன்னால் வைக்கப்போகிற முந்திரிக் கன்றுகளுக்காக நாலாவது படிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். குழி இன்னும் வெட்டவில்லை. வரப்பும் போடவில்லை. ஆனால் இடது ஓரத்தில் கலங்கலைக் கட்டி முடித்துவிட்டேன்.