டெல்மர் ரிவர்ஸ் எடுத்தான்

என் புருஷன் டெல்மர் ஹார்கிஸுக்குப் பொய் சொல்லவே வராது என்று ப்ளெயின்வியூ ஊரே சத்தியம் செய்யும். நானும் செய்திருப்பேன், இந்த அக்டோபர் பயணத்துக்குத் திட்டம் போட உட்காரும்வரை.

பருத்தி ஆலைக்கு லாரி ஓட்டியே நரைத்தவன் அவன். வயலின் எந்த மூலையில் பஞ்சுப் பொதி கிடந்தாலும் லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டிப்போய்த் தூக்கி வருவான். அந்தக் கை சும்மா இருக்குமா? வேலையை விட்டதும் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினான். உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. அதைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வருஷா வருஷம் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் போவோம். மலையேறுவோம், சைக்கிள் மிதிப்போம், ராத்திரிக்குச் சோள ரொட்டியும் மிளகாய்க் கறியும்.

அங்கே ட்ரெய்லர்கள் தங்குகிற முகாமில் சாயங்காலப் பொழுதுபோக்கே, புதிதாக வருகிறவர்கள் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பதுதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் பியரை வைத்துக்கொண்டு, மரத்தில் இடிக்கிற புருஷனையும் பின்னால் நின்று கத்துகிற பெண்டாட்டியையும் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களைப் பார்த்து ஒருவர்கூடச் சிரித்தது கிடையாது. நான் பின்னால் நின்று கை காட்டுவேன். அவன் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே ஒரே மூச்சில் உள்ளே நுழைத்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். எனக்கு அவனைவிட அதிகம்.

அப்பேர்ப்பட்டவன் இந்த வருஷம் ரிவர்ஸே தேவைப்படாத இடமாகப் பார்த்துப் பதிவு செய்திருந்தான். நேரே உள்ளே போய் நேரே வெளியே வந்துவிடலாம். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் கேட்டு வாங்குகிற இடம் அது, நிழல்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டேன். ஒரு மாறுதலுக்கு என்றான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே காபிப் பொடி குடிக்கிறவனுக்கு மாறுதல் எதற்கு?

அன்று ஆரம்பித்தது எனக்கு அரிப்பு. நான் மாட்டேன் என்றாலும் இழுத்துப்போகிற பாறை விளிம்புப் பாதையை இந்தத் தடவை வேண்டாம் என்றான், ஆற்றோரமாகவே நடக்கலாமாம். சைக்கிளைக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தான். நான் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்க வேண்டுமாம், அவன் பின்னால் மிதிப்பானாம். மேடோ பள்ளமோ எனக்கு முன்னால் போயே தீரவேண்டும் என்று அடம் பிடிக்கிற மனுஷன்!

லப்பக் நகரத்துக்கு வேறு அடிக்கடி போய்வந்தான். ட்ரெய்லருக்கு பிரேக் சாமான் பார்க்க என்றான். மாட்டியும் விட்டேன் என்றான். பிரேக்கைப் பிரித்து மாட்டியவன் நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

எனக்கு வெல்டா ஞாபகம் வந்தது. வெல்டா ஸ்ட்ரவுட், புருஷனை இழந்தவள், லப்பக் ஊர்க்காரி. ஒவ்வொரு அக்டோபரும் எங்களுக்கு அடுத்த இடத்தில் ட்ரெய்லரைப் போட்டுக்கொண்டு, டெல்மருக்கென்று பீச் பழப் பலகாரம் சுட்டுக் கொண்டுவருகிறவள். இந்த வருஷம் அவள் பக்கத்து இடத்தை இவன் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு பேரையும் ஒன்றாக நான் பார்த்துவிடக் கூடாது என்றுதானே? வெட்கத்தை விட்டு அவன் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சோப்பு வாசனைதான் வந்தது. அதற்கும் சந்தேகப்பட்டேன், அவனே துவைத்திருப்பானோ என்று.

கிளம்புவதற்கு முந்தின நாள், சாமான் ஏற்றுவதற்காகக் கொட்டகையின் முன்னாலிருந்து சமையலறைப் பக்கம் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. டெல்மர் பிக்கப்பில் ஏறிக்கொண்டு, என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னான். நான் போகவில்லை. அவனுக்கு எதிர்ப்பக்கம், முன்னால் இருந்த பெக்கான் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஆள் இல்லை என்றால் வண்டியை நிறுத்தி இறங்குவான், இறங்கியதும் வெல்டாவைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அவன் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தெரியுது ரோவீனா, தெரியுது. கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு" என்றான்.

ட்ரெய்லருக்குப் பின்னால் யாருமே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ட்ரெய்லரின் மூலை துணி காயப்போடும் கம்பத்தில் மோதி அதைச் சாய்த்துவிட்டது. வண்டி நின்றது. டெல்மர் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினான். மண்ணில் மண்டியிட்டு, ட்ரெய்லருக்கு அடியில் இரண்டு கையையும் விட்டுத் துழாவினான். என் பேரைச் சொல்லிச் சொல்லித் துழாவினான். அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் என் கை, தோள், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நானும் மண்ணில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து கண் தெரியவில்லை என்று கேட்டேன். வசந்தத்திலிருந்து என்றான். எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் கறையாக மறைகிறதாம், சுற்றி இருப்பது தெரிகிறதாம். லப்பக் கண் டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"அப்புறமும் பள்ளத்தாக்குக்குப் போற அந்தக் கொண்டை ஊசி வளைவுல என்னையும் வெச்சுகிட்டு எறங்கப் பாத்தியா?"

"கடைசியா ஒரு தடவ. அதுக்கப்புறம் சொல்லிடலாம்னு இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். இரண்டு பேரும் பள்ளத்தாக்கின் அடியில் கிடந்திருப்போம், அதற்கும் பேர் பயணமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஓட்டியிருக்க மாட்டேனா? எழுந்துபோய் பிக்கப்பின் சாவியை உருவிக்கொண்டு வந்தேன். நாளைக்கு நான்தான் ஓட்டுவேன், நீ பேசாமல் பக்கத்தில் உட்கார் என்றேன். அந்த இறக்கத்தில் உனக்குப் பழக்கமில்லை, பிரேக் சூடாகிவிடும் என்று மறுத்தான். மறுத்தவன் என்னைப் பார்க்காமல் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினான். இத்தனையும் செய்துவிட்டு முகத்தை வேறு திருப்புகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசறதுன்னா என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

டெல்மர் தலையை அசைக்கவில்லை. "பாத்துட்டுதான் இருக்கேன் ரோவீனா" என்றான். "இப்படித் திரும்பினாத்தான் உன் மூஞ்சி தெரியுது."